கூட்டம் வராத படம்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் இருந்தது. பதில்தான் இல்லை. நீயும் உன் அறைத்தோழனும் லீவு நாளெல்லாம் பழைய மட்டமான படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்ப்பதாகச் சொன்னாய். ஒரு படத்தில் புலி வாயைத் திறந்தபோது உள்ளே இருந்த ஆளின் மீசை தெரிந்தது என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பழக்கமானது. அப்புறம், "கரடிப் படம் கரடிப் படம்னு சின்ன வயசுலேர்ந்து கதை சொல்லுவியே, அதை யாரோட பாத்தப்பா?" என்று கேட்டாய். அதே மூச்சில், கல்யாண லிஸ்டில் அம்மா பக்கத்து ஆட்கள் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள், என் ஃப்ரெண்டு என்று ஒரு பேர்கூட இல்லையே என்றும் கேட்டாய். நீ இரண்டு கேள்வி கேட்டதாக நினைத்திருப்பாய். எனக்கு அது ஒரே கேள்வி.

கல்யாணம் ஆகப்போகும் மகனுக்கு அப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். சிக்கனமாக இரு, மாமனார் வீட்டில் அளவாகப் பேசு, கோபத்தை அடக்கு என்றெல்லாம். அதை உன் பெரிய மாமா சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டது உலகத்தில் எதுவும் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு கரடியும் ஒரு புளியமரமும்தான். இரண்டையும் எந்த வரிசையில் சொன்னால் உனக்குப் புரியும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கே பிடிபடவில்லை. தோன்றுகிறபடி எழுதுகிறேன். நீ படித்தவன், அடுக்கிக்கொள்.

அவன் பெயர் ஏழுமலை. காலனிக்காரன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, அப்போது இருபது இருக்கும். பத்தாவது வரை ஒரே பள்ளிக்கூடம், இரண்டு பேரும் கணக்கில் ஃபெயில். எலவனாசூர்கோட்டைக்குத் தெற்கே நம் ஊரில் அந்த நாளில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது, கொட்டாய் என்போம். கீற்றுக் கூரை, முன்பக்கம் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் பத்துப் பன்னிரண்டு இரும்பு நாற்காலி. ஏழுமலைக்கு அங்கே பெட்டி தூக்குகிற வேலை. உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸில் வந்து இறங்கும் படப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு வருவான். ஓடி முடிந்த பெட்டியைக் கொண்டுபோய்ப் போடுவான். அதனால் அவனுக்கு டிக்கெட் கிடையாது. அவன் புண்ணியத்தில் எனக்கும் பாதி நாள் கிடையாது.

கரடிப் படத்தை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காட்டில் ஒரு கரடி, கரடிக்கு இடது காலில் ரப்பர் செருப்பு. கதாநாயகன் காடு காடாக ஓடுவான், நாலு தடவை ஒரே புற்றைத் தாண்டுவான். மலைப்பாம்பு என்று ஒன்று வரும், சைக்கிள் ட்யூபுக்கு இரண்டு சட்டைப் பொத்தான் வைத்துக் கண் தைத்திருப்பார்கள். மூன்றாவது ரீலில் மிராசுதார் குண்டடி பட்டுச் செத்து, தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். ஐந்தாவது ரீலில் அதே மிராசுதார் அதே சட்டையோடு உட்கார்ந்து காபி குடிப்பார். இதையெல்லாம் உனக்குச் சொன்னபோது "நான் பார்த்தேன்" என்று சொன்னேன். "நாங்கள்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, ஆளை மட்டும் எடுத்துவிட்டேன்.

கொட்டாயில் மிஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை லைட்டைப் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஒன்றுக்குப் போவார்கள், முறுக்கு வாங்குவார்கள். எங்களுக்குப் படமே அந்த இடைவெளியில்தான் நடந்தது. மிராசுதார் காபி குடித்ததும் லைட் வந்தது. ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார் என்றேன் நான். ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "டப்பாவ வரிசையா எடுத்துக் குடுத்தவன் நானு. மூணு, நாலு, அஞ்சுன்னுதான் குடுத்தேன். படம் எடுத்தவனுக்கே அந்தாளு செத்தது மறந்துபோச்சிடா" என்றான். இல்லை, இரட்டைப் பிறவி அண்ணனாக இருக்கும் என்றேன். அப்படியென்றால் எரித்தபோது அண்ணன் எங்கே போனான், காரியத்துக்காவது வந்திருக்க வேண்டாமா என்றான். ஒரு வாரம் போனது இந்தச் சண்டை. நல்ல படத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது தம்பி. நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். மட்டமான படத்துக்கு எவ்வளவு ஓட்டை இருக்கிறதோ அவ்வளவு வாசல். பார்க்கிறவன் உள்ளே போய்த் தானும் கொஞ்சம் எடுத்துக்கட்டலாம்.

ஆனால் நான் சிரித்த இடத்தில் எல்லாம் அவன் சிரித்தான் என்று சொல்ல முடியாது. கரடி முதல்முறை புதரிலிருந்து எழுந்து நின்றபோது நான் பெஞ்சிலிருந்து விழாத குறை. அவன் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நடுப்பகல்ல எடுத்திருக்கான், நெழலப் பாரு, காலுக்கடியில இருக்குது. அந்தத் தோலுக்குள்ள ஒருத்தன் வெந்துக்கினு கெடக்கிறான். முன்னாடி எல்லார் பேரும் போட்டானே, அந்தாளு பேரப் போட்டானா?" என்றான். அப்புறம் இரண்டு பேருமாக அந்த ஆளுக்குப் பெயர் வைத்தோம், பெண்டாட்டி பிள்ளை கொடுத்தோம், சம்பள பாக்கியைக் கேட்கக் கரடித் தோலோடு முதலாளி வீட்டுக்குப் போனான் என்று ஒரு கதையே கட்டினோம். படத்தில் ஒரு அருவி வரும். அது நம் கல்வராயன் மலை அருவிதான் என்று ஏழுமலை அடித்துச் சொல்வான். சென்னையில் தண்ணி டேங்கைத் திறந்துவிட்டு எடுத்திருக்கிறார்கள் என்பேன் நான். ஒரு நாள் மலைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலை பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். போகவில்லை.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மட்டமான படம் பிடித்ததற்குக் காரணம் படம் மட்டும்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெரிய நடிகர் படம் வந்தால் கொட்டாய் நிரம்பிவிடும். நிரம்பினால் அங்கே சட்டம் வந்துவிடும், எழுதாத சட்டம். காலனி ஆட்கள் தரையில் இடது பக்கம், ஊர்க்காரர்கள் பெஞ்சிலும் நாற்காலியிலும். கையில் பெஞ்சு டிக்கெட் இருந்தாலும் காலனிக்காரன் பெஞ்சில் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அஞ்சாவது ஆள் எழுப்புவான். அந்த மாதிரி நாளில் நானும் ஏழுமலையும் தனித்தனியாகப் போவோம், தனித்தனியாகத் திரும்புவோம். வழியில் பார்த்தால் அவன் எனக்கு 'ங்க' போடுவான். கூட்டம் வராத படம் என்றால் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள், கடைசி பெஞ்சில் மிஷின் ரூம் ஓட்டைக்குக் கீழே இரண்டு பேரும் ஒட்டி உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் படம் எவ்வளவு கேவலமோ அவ்வளவு எங்களுக்கு நல்லது. புதுப் பெட்டி வந்தால் போஸ்டரை விரித்துப் பார்த்து, "இது ஓடாதுடா" என்று அவன் சந்தோஷப்படுவான். ஊரில் அந்தப் போஸ்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள் இரண்டே பேர். இதை நட்பு என்று சொல்லலாமா, ஒளிந்துகொண்டு செய்கிற காரியம் என்று சொல்லலாமா? அவனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்டதில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அந்த வருஷங்களில்தான் நம் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் இறங்கினார்கள். உனக்குத் தெரிந்தது அதன் லாபம் மட்டும்தான். உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது உன் மாமா இனிப்பு வாங்கி வந்து, எல்லாம் அந்தப் போராட்டம் போட்ட பிச்சை என்றாரே, நினைவிருக்கிறதா? பிச்சை இல்லை, உரிமை. அந்தக் கோரிக்கை சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். எங்கள் வீடு மழைக்கு ஒழுகியது. எங்கள் அப்பா அடுத்தவன் நிலத்தில் குத்தகைக்கு உழுது, விளைந்ததில் பாதியை அளந்து கொடுத்துவிட்டு வருவார். நம் தெருவில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒருவன் கிடையாது. கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்கவேண்டிய ஆள் சென்னையில் கோட்டையில் இருந்தான். நாங்கள் மறித்து நிறுத்தியது ரோட்டில் வந்தவனை. எங்களைவிட ஜாஸ்தி ஒழுகுகிற வீட்டில் இருந்தவனை. அந்த வாரம் சில ஊர்களில் காலனிக் கூரைகள் எரிந்தன. நம் ஊரில் எரியவில்லை. எரியவில்லை என்பதையே ஊர்க்காரர்கள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஏதோ தானம் செய்த மாதிரி.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தோம். நானும் ஒரு கோடாலி பிடித்தேன். பஸ் இல்லை, லாரி இல்லை. முதல் நாள் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சும்மா மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பது சலித்துவிட்டது. அன்று சாயங்காலம் ஏழுமலை குளத்துப் பக்கம் என்னைத் தனியாகப் பிடித்தான். உளுந்தூர்பேட்டையில் மறியலுக்கு முன்னாடியே பெட்டி வந்து கிடக்கிறதாம், முதலாளி எப்படியாவது கொண்டுவரச் சொல்லி உயிரை எடுக்கிறாராம். என்ன பெட்டி என்று கேட்டேன். கரடிப் படம் மறுபடியும் வந்திருக்கிறது என்றான். எனக்கு மிராசுதார் விவகாரத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ரீல் மாறியதா, படம் எடுத்தவனே மறந்தானா? அந்த மாதிரி நேரத்தில் இதுதானா மண்டைக்குள் ஓடும்? ஓடியது. வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவா என்று கேட்டான். பெட்டியோடு வரப்பில் எப்படி வருவாய், ரோட்டிலேயே வா என்றேன். "நம்ம பசங்கதான்டா. நான் பெரிய புளியமரத்தாண்டயே நிப்பேன். ஒண்ணும் ஆவாது" என்றேன். நம்ம பசங்க என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன் பார். அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். "நீ இருப்ப இல்ல?" என்று கேட்டான். இருப்பேன் என்றேன்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அண்டா வைத்து எல்லாருக்கும் சாம்பார் சாதம் போட்டார்கள். ஏழுமலை வர நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். இரண்டாவது தடவை வாங்கித் தின்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு தடவையோடு எழுந்திருந்தால் அவனுக்கு முன்னால் போய் நின்றிருப்பேன். திரும்பி வந்தபோது தூரத்திலேயே மரத்தடியில் ஏதோ பளபளத்தது. கிட்டே போனால் ஃபிலிம். பெட்டியைத் திறந்து எல்லா ரீலையும் உருவிவிட்டிருந்தார்கள். சாய்ந்து கிடந்த புளியமரம் முழுக்கக் கறுப்பு நாடா. ஒருவன் வெயிலுக்கு எதிரே பிடித்து நடிகை தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் மாலை போட்டுக்கொண்டிருந்தான். சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது. நடுவில் ஏழுமலை, உதடு கிழிந்து, சட்டையில்லாமல், ஒரு தகர டப்பா மூடியை மடியில் வைத்துக் கையாலேயே ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முழம் சுற்றுவான், பின்னால் நிற்கிறவன் ஒன்றரை முழம் இழுப்பான். மெதுவாகச் சுற்றியதற்குப் பிடரியில் ஓர் அடி.

அப்போது ஒருத்தன் ஒரு நீள நாடாவைக் கழுத்தில் சுற்றி, முழியைப் பிதுக்கி, பாம்பு இறுக்குகிற மாதிரி அலறிக்கொண்டு ரோட்டில் புரண்டான். அச்சு அசல் அந்தச் சைக்கிள் ட்யூப் மலைப்பாம்பு. நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை, வாய்விட்டுச் சிரிப்பு. அதைவிடக் கேவலம் என்னவென்றால், சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன், 'டேய் பார்டா அந்த ட்யூப்பை' என்று சொல்வதற்கு. கொட்டாயில் பல வருஷம் திரும்பிய பழக்கம். ஏழுமலையிடம் சொல்வதற்காகத் திரும்பினேன். பக்கத்தில் அவன் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"இதுவும் படம்னு நெனச்சிக்கினீங்களா?" என்றான்.

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ என் தோளில் கை போட்டு, உனக்குத் தெரிந்தவனா என்று கேட்டான். கொட்டாயில் பெட்டி தூக்குகிறவன், விடுங்கடா போகட்டும் என்றேன். விட்டார்கள். நான் சொன்னதால்தான் விட்டார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நாடாவை எல்லாம் வாரிப் பெட்டியில் திணித்து, சைக்கிளைப் பள்ளத்திலிருந்து தூக்கி, மரத்தைத் தாண்ட முடியாமல் திணறியபோது, நான் ஒரு கை கொடுக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டம் இருந்தது.

படம் கீறல் விழுந்துவிட்டது என்று முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். அந்த மாசமே அவன் கல்வராயன் மலைக்குப் போய்விட்டான், கடுக்காய் மூட்டை தூக்குகிறான் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்பது மாசமாகி வருஷமாகி, எனக்குக் கல்யாணமாகி நீ பிறந்துவிட்டாய். உனக்கு ஏழு வயதிருக்கும், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நீ கொய்யாப்பழம் கேட்டு அழுதாயே, நான் திடுதிப்பென்று உன்னை இழுத்துக்கொண்டு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்காது. எதிரே தோளில் வயர் சுருளோடு ஏழுமலை வந்துகொண்டிருந்தான். அவன் தாண்டிப் போகும்வரை உன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அன்று நீ கேட்டாய், ஏம்பா ஒளிஞ்சிக்கினு இருக்கோம் என்று. அதற்கும் அன்று பதில் சொல்லவில்லை. நீ கேட்டதில் நான் பாக்கி வைத்த கேள்விகள் நிறைய.

உன் போனை வைத்த மூன்றாம் நாள் மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது வாந்தி வந்தது, வயசாகிவிட்டது. வெள்ளிமலையில் இறங்கி, ஏழுமலை என்று கேட்டால் டிஷ்காரரா என்றார்கள். மலை ஊர்களுக்கெல்லாம் டிவி குடை மாட்டுகிறவன் அவன்தானாம். அன்று அவன் வேலைக்கு வந்திருந்த ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு அம்மா மரவள்ளிக் கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தது. கூரைமேல் யாரோ, முகம் தெரியவில்லை. "படம் வருதா?" என்று மேலிருந்து சத்தம். அந்த அம்மா என்னைப் பார்த்து, கை ஈரமா கீது, நீங்க கொஞ்சம் உள்ள பாத்துச் சொல்லுங்க சாமி என்றது. நான் யார், எதற்கு வந்தேன் என்றெல்லாம் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் டிவி முழுக்கப் புள்ளி. "இன்னும் வரல" என்று கத்தினேன். "இப்ப?" "கோடு கோடா வருது." "இப்ப பாருங்க." "வந்துடுச்சி. இல்ல, போயிடுச்சி." மேலே குடையைத் திருப்புகிற சத்தம் நின்றது. "கீழ யாரு அது?" என்று கேட்டான். "ரீல் மாறிப்போச்சி" என்றேன். கூரையில் ஓடு ஒன்று நழுவியது.

இறங்கி வந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது, உதட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. திட்டுவான், போ என்பான் என்று மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, "இங்க இருக்கிற அருவி எல்லாத்தையும் பாத்துட்டேன். அந்தப் படத்துல வந்தது இங்க இல்ல. நீ சொன்னதுதான் சரி, தண்ணி டேங்கு" என்றான். வேலியோரம் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது கரடியின் செருப்பு. அவன் அந்தப் பெட்டிக்கு அப்புறம் என்ன ஆனது என்று சொன்னான். அவனும் ஆபரேட்டருமாக மூன்று நாள் உட்கார்ந்து பனியன் துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றினார்களாம். ஓட்டிப் பார்த்தபோது ஒரு ரீலின் கடைசி நுனி முதலில் வந்துவிட்டது. "மிராசுதாரு தலைகீழா தொங்கிக்கினு பின்னாலேயே நடந்து போறாரு. பொகையெல்லாம் துப்பாக்கிக்குள்ள போய்ப் பூந்துக்குது. செத்தவரு குபுக்குனு எழுந்துக்கறாரு. கரடி பொறத்தால பொறத்தால போய் பொதருல ஒளிஞ்சிக்குது. எனக்கு ஒதடு கிழிஞ்சி இருக்கசொல்ல சிரிப்பு தாங்கல. உன்னாண்ட சொல்லலாம்னு திரும்பினேன். பெஞ்சு காலி" என்றான்.

அப்போதுதான் சொன்னேன். அன்று மரத்தடியில் நானும் அவனிடம் சொல்லத்தான் திரும்பினேன், அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்று. சொன்னதும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன். அவன் ஸ்க்ரூடிரைவர் முனையால் பாறையைச் சுரண்டினான்.

"அது எனக்கு அப்பவே தெரியும். அதான் ஜாஸ்தி வலிச்சிது. அவங்களோட சேந்து சிரிச்சிருந்தா, சாதிக்காரன், அப்படித்தான் இருப்பான்னு வுட்டுட்டுப் போயிருப்பேன். நீ என்கூடத்தான் சிரிச்ச. நான் அடி வாங்கிக்கினு இருக்கசொல்ல என்கூட சிரிச்ச. உனக்கு அது இன்னும் கொட்டாயாவே இருந்திச்சி. எனக்கு இல்ல."

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. இறங்கி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன், இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் என்னை மன்னித்தானா, இன்னும் ஆழமாகக் குத்தினானா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. நீ உன் நண்பனோடு சேர்ந்து எதைப் பார்த்துச் சிரித்தாலும் சிரி. ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே படம் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் கரடியைப் பார்த்தேன், அவன் தோலுக்குள் இருந்த ஆளைப் பார்த்தான். அதை என்னிடம் வாய்விட்டே சொன்னான். நான் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பையிலிருந்து உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். பேர் எழுதாமல் கொண்டுபோயிருந்தேன், அவன் முன்னாலேயே எழுதினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான், பெண் வீடு எந்த ஊர் என்று கேட்டான். மண்டபம் பெரிசா என்றான். பெரிசு, ரொம்பப் பேர் வருவார்கள் என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "கூட்டம் வர்ற படத்துக்கு நாம எப்ப ஒண்ணா போயிருக்கோம்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி கேட்டான். பஸ் வந்துவிட்டது.

அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. வரமாட்டான் என்றுதான் பாதி மனசு சொல்கிறது. அதைவிட எனக்குப் பயம் வேறு. அவன் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? வாங்க வாங்க என்று கைகூப்பி, ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கிற சாக்கில் வாசலுக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன், நாளைக்கு நான் மாற்றிப் பேச முடியாது. முதல் பந்தியில், நடு வரிசையில், உன் மாமாக்கள் உட்காருகிற வரிசையிலேயே, இரண்டு இலை பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல். மாமாக்கள் எழுந்து போனால் போகட்டும், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் நழுவினால் நீ மாலையோடு இருந்தாலும் சரி, இறங்கி வந்து என் தோளை அமுக்கி உட்கார வை. அப்பன் மகனிடம் இப்படிக் கேட்பது வெட்கம்தான். கேட்கிறேன்.

அவன் வராமல் போனாலும் இலை இரண்டுதான். என் பக்கத்து இலையை யாருக்கும் கொடுத்துவிடாதே. அது காலியாக இருப்பதை, லைட்டெல்லாம் எரியும்போது, வந்த எல்லாரும் பார்க்கட்டும்.